ஆண்டுப் பக்கத்தில் ஒரு முகம்

என் செல்லக் கழுதைக்கு,

எங்கள் பத்திரிகையில் இந்த ஆண்டை ஒரே பக்கத்தில் அடைக்கும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. ஆட்சி கவிழ்ந்தது, தேர்தல் வந்தது, புதுப் பாலம் திறந்த வாரமே விரிசல் விட்டது, மூத்த பாடகர் மறைந்தார். எல்லாவற்றுக்கும் தலா நாலு வரிதான்.

நடுவில் மாணவர் ஊர்வலப் படம். நீ அப்பாவோடு சண்டை போட்டுப் பெட்டியோடு கிளம்பிப் போன அன்று எடுத்தது. இடது ஓரத்தில் வாயை ஆவென்று திறந்தபடி நீ நிற்கிறாய்.

ஆசிரியர் எட்டிப் பார்த்து, "இடது பக்கத்த வெட்டிடுங்க, பாடகருக்கு இடம் பத்தல" என்றார். நான் அதற்குப் பதில் பாலத் திறப்புப் படத்தில் அமைச்சரை வெட்டிவிட்டேன். பாவம், ரிப்பனும் கத்தரிக்கோல் பிடித்த கையும்தான் மிச்சம்.

அப்பாவிடம் மூச்சு விடவில்லை. உன் பேச்சும், அவர் கட்சி தோற்ற பேச்சும் இந்த வீட்டில் எடுப்பதில்லை. காலையில் பேப்பரை விரித்தவர் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. டீ ஆறிப்போனது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எதுக்காம் இந்தக் கத்து கத்துறா?"

"உங்க ஆட்சிய எதிர்த்துத்தான்."

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"கத்தட்டும். அந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுக் கத்தக் கூடாதா?"

இத்துடன் வரும் பொட்டலத்தை நான் கட்டவில்லை. முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருப்பதைப் பார்த்தாலே யார் கட்டியது என்று உனக்குத் தெரிந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டாதே, பொறுமையாக அவிழ்.

உன் அம்மா