பெட்டி குறைந்த ஞாயிறு

ஏனுங்க,

நேற்று உங்களைப் பார்க்கப் புது ரயிலில் கோயம்புத்தூர் வந்தேன். அதில் சக்கர நாற்காலிக்கென்றே ஒரு பெட்டியில் இடம் வைத்திருக்கிறார்கள்.

வாளையாரில் அந்தப் பெட்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் காத்திருந்தோம். ரயில் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. “நாயித்துக்கெழமை பெட்டியக் கொறச்சுப்போடுவாங்கக்கா, மறந்தே போச்சு” என்று பக்கத்து வீட்டுச் சிவசங்கரி என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சாய்வுப் பலகை போட்டு ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

நாற்காலி ரயிலில் ஏறாது, உங்கள் அறையும் மூன்றாம் மாடி என்று நீங்கள் சொன்னதை இத்தனை வருடம் நம்பியிருந்தேன். விசாரித்து வந்து பார்த்தால் தரைத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. உள்ளே உங்கள் சிரிப்புக் கேட்டது. கூப்பிடாமல் திரும்பிவிட்டோம்.

அலுப்பாக இருக்கிறது. தீபாவளிக்குப் பெட்டிகளைக் கூட்டுவார்களாம். ஆனாலும் உங்களுக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்று உங்கள் அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்