கவுதாரி இறகு

அன்பு மகள் கிளாராவுக்கு, தாராவியிலிருந்து அப்பா எழுதுவது. அயர்லாந்தில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிஸிஸ் தவறாமல் நடக்கிறது, கால் வீக்கம் குறைந்திருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது, போனில் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் பட்டறையில் வேலை பார்த்த கோமதிநாயகம் சித்தப்பா போன மாதம் ஆஸ்துமாவில் தவறிவிட்டார் என்று சொன்னேன். அது பொய்யில்லை, முழுசும் இல்லை. மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் மாட்ட நாம் கட்டும் பொய்ப்பூச்சி, அந்த ஃப்ளை உனக்குத் தெரியும், கொக்கியில் பட்டு நூல் சுற்றி, தலைப்பக்கம் மெல்லிய இறகை இரண்டே சுற்று சுற்றி முடிச்சுப் போடுவோம், தண்ணீரில் அது பூச்சியின் கால் மாதிரி அசைய வேண்டும். பழைய முறைக்குக் கவுதாரி இறகு, நாம் பல வருஷமாகப் பண்ணைக் கோழி இறகில் சாயமேற்றிக் கவுதாரிப் புள்ளி அச்சடித்துத்தான் கட்டினோம். ஜனவரியில் நம்மிடம் வாங்கும் இங்கிலாந்துக்காரர் ஒரு பெட்டி முழுக்கத் திருப்பி அனுப்பினார், புதுச் சாயத்தில் இறகு விறைத்துத் தண்ணீரில் குச்சியாக நிற்கிறது, அடுத்ததும் இப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். சாயத்தை மாற்றி, ஆவியில் காட்டிச் சரிசெய்ய சித்தப்பா ஒரு வாரம் கேட்டார். நான் பொறுக்கவில்லை. விக்ரோலியில் ஒருவனிடம் இறகோடு காட்டுக் கவுதாரித் தோல் இரண்டு பை வாங்கிவந்தேன். பார்த்ததுமே அவர், "அண்ணாச்சி, இது காட்டுப் பறவைல்லா, பிடிச்சா ஜெயிலு, வேண்டாம்" என்றார். கட்டு என்றேன், கட்டினார்.

நாலாம் நாள் வனத்துறை ஆட்கள் வந்தார்கள். பையை மேஜையில் கொட்டி, "யே கிஸ்கா மால் ஹை?", யாருடைய சரக்கு என்று ஒருவர் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை கிளாரா. சித்தப்பா எழுந்து, என்னைப் பார்க்காமலே, "மேரா ஹை சாப், சேட்கோ மாலும் நஹி" என்றார், தன்னுடையது, முதலாளிக்குத் தெரியாது என்று. வண்டியில் ஏற்றும் முன் என் காதோரம், "மைனிக்கு டயாலிஸிஸ் இருக்கு, நீங்க வெளிய இருக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். பத்தொன்பது நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தார், வரும்போதே இழுப்பு, உட்கார்ந்தபடிதான் தூக்கம், மூன்றாம் வாரம் போய்விட்டார். செத்தவர் மேல் வழக்கு நிற்காது, இனி உங்களுக்குத் தொல்லை இல்லை என்று வக்கீல் எனக்குக் கை கொடுத்தார். நானும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

பிறகு ஒரு நாள் பேச்சியம்மாள் சித்தி வீட்டுக்கு வந்தார். முதலாளிக்குத் தெரியாமல் திருட்டுச் சரக்கு வைத்தவன் பெண்டாட்டி என்று குழாயடியில் யாரோ சொன்னார்களாம். "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க சொன்னா நம்புவாங்க" என்று அழுதார். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழுகை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கணும்லா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வனத்துறை ஆபீசில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், குழாயடியிலும் போய் நின்று சொன்னேன். கேட்டவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். திங்கட்கிழமை கோர்ட், உள்ளே வைப்பார்கள் என்றுதான் வக்கீல் நினைக்கிறார். அம்மா இன்று காலை என் பிரஷர் மாத்திரையைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாள். டயாலிஸிஸுக்குக் கூட்டிப்போக, பட்டறையில் இறகு பிரிக்கும் ஷைஸ்தா ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். குளிரில் வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. அம்மாவுக்குத் தினமும் போன் செய், அழாமல் பேசு. மறக்காமல் சித்திக்கும் பேசு. எனக்காக மன்னிப்புக் கேட்காதே, சித்தப்பாவைப் பற்றி மட்டும் பேசு. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக.

உன் அப்பா
ஏசுதாஸ்