குடலை வழித்தவன்

மார்ச் 3
இரண்டாவது ஆட்டை உரிக்கும்போதே வயிறு முறுக்கியது. கத்தியைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். மறுபடி ரத்தம். கடையில் பார்ப்பது போதாதென்று இங்கேயுமா?

மார்ச் 5
டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். பெருங்குடல் முழுக்கப் புண்ணாம். குடல் சுவரில் சளி சுரக்கும் செல்கள் இருக்கின்றனவாம்; அந்தச் சளிதான் கிருமிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது. எனக்கு அந்தச் செல்கள் அழிந்துகொண்டு வருகின்றன. கிருமி சுவரைத் தொட்டதும் உடம்பு தன் குடலையே போட்டு அடிக்கிறது.

"மருந்தை விடாம சாப்பிடுங்க. இல்லேன்னா குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும்" என்றார். யாரிடம் வந்து வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்!

மார்ச் 11
கிருமிதானே வில்லன்? தினமும் ஆட்டுக் குடலைப் புரட்டிப் போட்டு, சளி மாதிரி ஒட்டியிருக்கும் வழும்பு போக வழித்துக் கழுவுகிறவன் நான். என் குடலைக் கழுவத் தெரியாதா? கிருமியைக் கொல்லும் மாத்திரை வாங்கினேன், கூடவே பேதி மருந்தும். ஒன்று விடாமல் சாகட்டும் சனியன்கள்.

மார்ச் 14
ரத்தம். ரத்தம்.

மார்ச் 15
மனைவி மாத்திரையைப் பிடுங்கினாள். "டாக்டர் குடுத்ததை விட்டுட்டு இது என்ன கண்றாவி?" என்றாள். உள்ளே யாரோ கத்தியைத் திருகுகிற வலி. ஓங்கி அறைந்துவிட்டேன். கதவு நிலையில் மோதி அவள் உதடு கிழிந்தது. தரையெல்லாம் — நானா செஞ்சேன்? இந்தக் கையா? அப்போதும் சிதறிய மாத்திரையைப் பொறுக்கி விழுங்கினேன். தூ!

அவள் அண்ணன் வந்தான். என்னை மச்சான் என்று வாய் நிறைய அழைக்கிறவன், சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 18
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கத்தினார்: "எல்லாக் கிருமியும் எதிரியா? அதுல நல்லதுங்க, குடலை அடிக்கிற உங்க காவல் செல்களைச் சமாதானப்படுத்திக்கிட்டு இருந்துச்சு. சளியைச் சுரக்க வெச்சதும் அதுங்கதான். எல்லாத்தையும் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்களே!"

நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு.

மார்ச் 24
பெருங்குடல் போயிற்று. வயிற்றில் துளை, மலம் இறங்க அதில் பை.

மார்ச் 26
அவள் வந்தாள். அண்ணன் வாசலோடு நின்றுகொண்டான். அவள் உதட்டில் தையல், வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை.

"வலிக்குதா?" என்றாள்.

நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்டேன்.

"வலிக்குது."

பையை எப்படிக் கழுவ வேண்டும் என்று நர்ஸிடம் விசாரித்து எனக்குச் சொன்னாள். பிறகு தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு அண்ணனோடு போனாள்.