நடந்தபடி நலம் கேட்பது

பமாக்கோ பட்டணத்தில் இருக்கும் மகள் யாத்திமேவுக்கு அப்பா அம்பரா எழுதுவது.

நீ நலமா? மாப்பிள்ளை நலமா? பிள்ளைகள் நலமா? பக்கத்து வீட்டார் நலமா? இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வெங்காயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கம்பு போன வருடத்தைவிடக் குறைவு, ஆனாலும் சாப்பாட்டுக்குப் போதும்.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு விழுந்ததை யாரோ உனக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். சந்தை நாளன்று வந்து அவளைக் கையோடு கூட்டிப் போவதாக நீ சொல்லியனுப்பியதும் தெரியும். நடந்ததை என்னிடம் கேட்டுக்கொள். அவளுக்குக் காலில் குறையில்லை. வாயில் குறையில்லை என்பது உனக்கே தெரியும். இரண்டும் சேர்ந்து வேலை செய்யத்தான் மறுக்கின்றன.

எதிரே வருபவரிடம் நாம் நிற்காமலேதானே நலம் கேட்போம்? கடந்து போன பிறகும் குரலை உயர்த்தி, வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டு, பதிலும் சொல்லிக்கொண்டே போவோம். அம்மாவுக்கு இப்போது அது முடியவில்லை. யாராவது கேட்டால் கால் நின்றுவிடுகிறது. பதிலை முடித்த பிறகுதான் அடுத்த அடி வைக்கிறாள்.

மழைக்கு முன்பு ஒருநாள் விறகுச் சுமையோடு எதிரே வந்த நம் ஊர் டோமோ நலம் கேட்டான். அம்மா அப்படியே நின்றாள். பாதியில் நிற்பவர் கெட்ட செய்தி வைத்திருப்பார் என்பதுதானே நம் வழக்கம். அவன் விறகை இறக்கிப் போட்டு, தலையில் கைவைத்து, "யாரு போயிட்டாங்க அக்கா, சொல்லு!" என்று அலறிவிட்டான். "உன் புத்திதான்டா போயிருக்கு, வேற யாரும் போகல" என்றாள் அம்மா. கிணற்றடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு நிற்கவே கூடாது என்று வீம்பு பிடித்தாள். டோமோவின் மனைவி, "பமாக்கோ மக நல்லாயிருக்காளா?" என்று கேட்டபோது, நடந்துகொண்டே பதில் சொல்லப் போய்த்தான் விழுந்தாள்.

மறுநாள் முதல் நான் முன்னால் நடந்து, அவளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். "நான் செத்தப்புறம் எனக்காகப் பேசு. இப்ப எனக்கு வாய் இருக்கு" என்று கத்தினாள். இப்போது வழியில் ஆள் இல்லாத உச்சிவெயிலில்தான் தோட்டத்துக்குப் போகிறாள். சுரைக்குடுவையில் மொண்டு மொண்டு பாத்திக்கு அவளே தண்ணீர் விடுகிறாள். களி கிண்டும்போது பேச்சுக் கொடுத்தால் துடுப்பைக் காட்டி விரட்டுகிறாள். மெதுவாகத்தான் செய்கிறாள், ஆனால் அவள் வேலை எதையும் இன்னும் நான் செய்யவில்லை.

நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாய், உட்காரவைத்துச் சோறு போடுவாய். அப்படி உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ வரும் நாளில் நிறைகுடத்தோடு சாலைவரை எதிரே வரப்போகிறாளாம், தன்னால் முடியும் என்று உனக்குக் காட்டுவதற்கு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன், மகளே. அம்மாவைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே நலம் கேட்டுவிடாதே. ஒன்றும் பேசாமல் கூடவே நடந்து வா. பட்டணம் போய் மரியாதை மறந்துவிட்டாள் என்று ஊர் பேசினால் பேசட்டும், அம்மாவே திட்டினாலும் திட்டட்டும். வீட்டுக்கு வந்து குடத்தை அவள் கையால் இறக்கிவைத்து உட்காரட்டும். அதன்பிறகு ஒவ்வொருவர் நலமாக அவளிடம் கேள், என் நலத்தையும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொல்வாள்.

வரும் வழியெல்லாம் உனக்கு நல்லதே எதிர்ப்படட்டும்.

உன் அப்பா,
அம்பரா