வெயில் ஏறினால் விரியும் விரல்கள்

அடியே கூட்டாளி,

இன்று மினி பஸ்ஸில் ஒரு பெரியவர் முட்டி நிறையத் தைலம் தேய்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசனை மூக்கில் ஏறியதுமே உன் நினைப்பு வந்துவிட்டது. ஒரே பாட்டிலைத்தானே வருஷக்கணக்கில் தேய்த்தோம், என் முட்டிக்கும் உன் விரலுக்கும்! வலி என்றால் எல்லாம் ஒரே வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடவுக் காலத்தில் விடியும்போதே நாற்றங்காலில் இறங்கவேண்டும். நாற்றைப் பறித்துச் சிறு கட்டுகளாக முடி போட விரல் மடங்கவேண்டுமே, உனக்கு மடங்கவும் மடங்காது, விரியவும் விரியாது. வெந்நீர்ச் சொம்பில் கையை விட்டபடி வாசலில் உட்கார்ந்திருப்பாய். வெயில் ஏற ஏறத்தான் விரல்கள் விரியும். அப்புறம் வயலில் இறங்கினால் உனக்கு ஈடாக யாரும் நட முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று. "காலையில கை வராதாம், வெயில் ஏறுனா வந்துடுமாம். என்ன வலிடி இது, மணி பாத்து வருது? சோம்பேறி!" என்று நம்மை வேலைக்குக் கூட்டிப்போகும் பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நான் மனசுக்குள் கறுவினேன்.

அந்த வாரமே உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வந்ததுதான் வந்தோம் என்று என் முட்டியையும் காட்டினேன். ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "உங்களுக்கு மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. அதனாலதான் நடக்க நடக்க வலி, உக்காந்தா குறையுது. இவங்களுக்கு வேற. நோயை எதிர்க்கவேண்டிய சக்தியே மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வைத் தாக்குது. சவ்வு வீங்கி எலும்பையும் அரிக்கும். ராத்திரி அசையாம கிடந்தா இறுகிப்போகும், அசைய அசையத்தான் இளகும்." உன் இரண்டு கைகளிலும் ஒரே கணுக்கள் வீங்கியிருப்பதைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லைன்னு சீட்டுல எழுதிக் குடுங்கம்மா" என்றாய். டாக்டர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஏற்கெனவே கோணிப்போன விரல்கள் மட்டும் நிமிரவில்லை. நாம் வேறு ஆட்களோடு வேலைக்குப் போனோம். காலையில் உன் பங்கு நாற்றையும் நானே பறிப்பேன். மத்தியானம் முட்டி கெஞ்சி நான் வரப்பில் காலை நீட்டினால், என் பங்கையும் நீ நட்டுவிடுவாய். "ஒனக்குக் காலையில உடம்பு, எனக்கு மத்தியானத்துல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளுடி" என்பாய். நெஞ்சில் சளி கட்டி நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் அரை ஆள்தான்.

சொல்லவந்தது வேறு. அந்தப் பெரியம்மாவின் மருமகள், சின்னப் பெண், காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிக் குடிப்பதைப் போன மாதம் பார்த்தேன். "இவ எந்திரிச்சு வேலைய ஆரம்பிக்கிறதுக்குள்ள விடிஞ்சு வெயிலே வந்துடுது" என்று பெரியம்மா அங்கலாய்த்தார். அவர் உனக்குச் செய்ததை நினைத்தால் நான் பேசாமல் போயிருக்கவேண்டும். முடியவில்லையடி. இருவரையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "சீக்கிரமே வந்துட்டீங்க, விரல் கோணாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். உனக்கு யாரும் சொல்லாத வார்த்தை. வராந்தா என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது மருமகளின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா ஒவ்வொரு விரலாக நீவியபடியே வந்தார். ஊர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நான் வேலைக்கு வரவேண்டாம்னு சொன்னேனே, அவளுக்கும் இதேதானா?" என்று கேட்டார்.

உன் சார்பில் அவரைத் திட்டுவதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "ஆமா பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நீ சோம்பேறி இல்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டதடி.