ஈரத்தில் ஓட்டிய உருளை

செப்டம்பர் 22, திங்கள்

மேகமூட்டம். புழுக்கம். மழை இல்லை. வைக்கோல் நாளை மறுநாள் வரை வரும், அதுவும் கறவை மாட்டுக்கு மட்டும்.

மாட்டுத் தீவனத்துக்காக ஆடியில் தூவிய கொழுக்கட்டைப்புல் விதையில் ஒன்றுகூட எங்கள் நிலத்தில் தங்கவில்லை. பஞ்சு போன்ற விதை. காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து நிலத்துப் பொன்னம்மா அக்காவின் கடலையில் போட்டது. அங்கே அமோகமாக முளைத்தது. அவள் களை பிடுங்கிப் பிடுங்கி என்னைத் திட்டினாள். கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டேன். விதைத்ததும் மேலே ஒரு உருளை ஓட்டி லேசாக அமுக்கிவிடச் சொன்னார்கள்.

சோறு போடும்போது இதை இவரிடம் சொன்னேன். இவரிடம் என்றால் இவர் முதுகிடம். எட்டு மாதமாகக் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பியே படுக்கை. நான்தான் பேசிக்கொண்டே இருப்பேன், பைத்தியக்காரி மாதிரி.

இன்று திரும்பாமலே பதில் வந்தது. "ஒரு பீப்பாய் இருந்தா செஞ்சிடலாம்."

கரண்டியோடு அப்படியே நின்றேன். ஒரு வாரத்தில் இவர் பேசிய முதல் வாக்கியம்.

செப்டம்பர் 24, புதன்

காலையிலேயே வெயில். திருச்சி போனேன். இவரைத் தனியே விட்டுப் போக எப்போதும் பயம். பொ. அக்காவிடம் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

பாலக்கரையில் பழைய இரும்புக் கடை. இவர் எழுதிக் கொடுத்த சீட்டு:

ஆயில் பீப்பாய் 1 (நசுங்காதது)
உருட்டுக் கம்பி, கட்டைவிரலைவிட இரண்டு மடங்கு தடிமன், ஐந்தடி
பேரிங் 2. சுற்றிப் பார்த்து வாங்கு. ஆடினால் வேண்டாம்.
டிராக்டர் கொக்கி 1

எல்லாம் கிடைத்தது. பேரிங் ஒரு உடைந்த கதிரடிக்கும் மெஷினில் கழற்றியது. பத்து பேரிங்கைச் சுற்றிப் பார்த்தேன், கடைக்காரருக்கே எரிச்சல். பீப்பாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். காய்கறி இறக்கிவிட்டு மணப்பாறைப் பக்கம் திரும்பிய வண்டியில் பீப்பாயோடு நானும் ஏறி வையம்பட்டி வந்து சேர்ந்தேன்.

சீட்டை இந்த நோட்டிலேயே வைத்திருக்கிறேன். எட்டு மாதத்துக்குப் பிறகு இவர் கையெழுத்து.

செப்டம்பர் 26, வெள்ளி

தூறல், பத்து நிமிடம். பால் குறைவு.

வெல்டிங் மெஷின் மேலிருந்த சாக்கை இவரே எடுத்தார். பைப் விழுந்து குமார் செத்த நாளுக்குப் பிறகு இன்றுதான். குமார் இவரோடு பதினாறு வருடம் வேலை பார்த்தவர். பைப்பைத் தூக்கச் சங்கிலி மாட்டியது இவர். சங்கிலி அறுந்தது. உள்ளே பழுதிருந்தால் யாருக்குத் தெரியும் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். குமாரின் மனைவியே வந்து சொல்லிவிட்டுப் போனாள். இவரிடமிருந்து ஒரே பதில்: "நான் பாத்துத்தானே மாட்டினேன்."

உருளையைச் சுற்றிச் சட்டம் அமைக்க ஆங்கிள் இரும்பு போதவில்லை. மறுபடி திருச்சி போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனேன். திரும்பி வந்தால் கட்டிலை அறுத்துக்கொண்டிருக்கிறார். எட்டு மாதம் கிடந்த அந்த இரும்புக் கட்டிலை. "தரையில படுத்துக்கறேன்" என்றார், பெரிய விஷயமே இல்லை என்பது போல.

கொட்டகைக்குப் போய் அழுதேன். மாடு பார்த்துக்கொண்டே அசை போட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. பீப்பாயை நிரப்பும் நாள்.

சண்டை. நல்ல சண்டை, பழையபடி. தண்ணீர் ஊற்றினால் போதும், வேண்டுமானால் கூட்டலாம், கனமாக இருந்தால் குறைக்கலாம் என்றார். பழைய பீப்பாய் ஒழுகும், கான்கிரீட்தான் என்று நான் நின்றேன். ஆடிக்காற்று மேல் இருந்த கோபம் எனக்கு. எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று ஒரே பிடிவாதம்.

"வெயிட் ஜாஸ்தி ஆயிடாதா டெய்சி?"

"ஆகாதுங்க. நான் சொல்றேன்ல."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் எதற்கு வேண்டுமானாலும் ஆகாது என்று சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 6, திங்கள்

கான்கிரீட் உருளை முடிந்தது. இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, செங்கல் அடுக்கி நிறுத்தி, ஒரே ஒரு தள்ளு. சத்தமே இல்லாமல் சுற்றியது. நிற்கும் வரை எண்ணினார், பதினொரு சுற்று. சிரித்தார் என்று எழுத மாட்டேன். உதடு அசைந்தது.

வயலுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. "நீ ஓட்டிட்டு வா. முளைச்சப்புறம் வந்து பாக்கறேன்." இவருடைய பயம் எனக்குத் தெரிகிறது. தான் செய்த ஒன்று மறுபடி கைவிட்டுவிடுமோ என்று. மாதாவே, இந்த ஒன்று மட்டும்.

அக்டோபர் 8, புதன்

நேற்று நல்ல மழை. இன்று வெளிவாங்கியது. டிராக்டர்காரருக்கு இன்று விட்டால் அடுத்த வாரம்தான். விதைத்து உடனே ஓட்டியாயிற்று. உருளையில் மண் அப்பிக்கொண்டே வந்தது, நான் கூடவே நடந்து குச்சியால் சுரண்டிவிட்டேன். ஒரு தடவை போதுமா என்று டிராக்டர்காரர் கேட்டார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னது நான்.

முடித்ததும் நிலம் சிமெண்டுத் தரை மாதிரி வழவழ. அழகு. இப்போது தூக்கட்டும் காற்று.

அக்டோபர் 15, புதன்

நல்ல வெயில், ஆறு நாளாக. ஒன்றும் முளைக்கவில்லை. சினை மாட்டுக்குக் காலில் வீக்கம், மஞ்சள் பற்றுப் போட வேண்டும்.

"முளைச்சுதா?" என்றார். இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

விடிந்ததும் போனேன். ஒன்றும் இல்லை. ஒன்றரை ஏக்கரையும் குனிந்தபடியே நடந்து பார்த்தேன். ஒரு பச்சை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார், எனக்காகக் காத்துக்கொண்டு. கேட்கக்கூட இல்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

"அங்கங்க தலை காட்டுதுங்க" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. நான் என்ன செய்ய. மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 18, சனி

பொ. அக்காவை வயலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். குதிகாலால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்றது.

"ஈரத்துல ஓட்டுனியா? களம் போட்டு வச்சிருக்கியே டெய்சி. கதிரடிக்கலாம் இதுல."

செம்மண்ணை ஈரத்தில் அழுத்தினால் காய்ந்ததும் ஓடு கட்டிக்கொள்ளுமாம், முளை கிழித்துக்கொண்டு வர முடியாதாம். கொஞ்சம் உலரவிட்டு, கனமில்லாத உருளையை ஒரு தடவை ஓட்டியிருந்தால் போதுமாம். களைக்கொத்தின் முனையால் ஓட்டைப் பெயர்த்துக் காட்டினாள். அடியில் வெள்ளை முளை. மேலே வர வழி தேடிப் பக்கவாட்டில் ஓடி, சுருண்டு, செத்துக் கிடந்தது. பெயர்த்த இடமெல்லாம் அப்படியே. விதை நல்ல விதை. உருளையிலும் குற்றமில்லை. தண்ணீர் போதும் என்றவரிடம் கான்கிரீட் கேட்டது நான், ஈரத்தில் இரண்டு தடவை ஓட்டவைத்தது நான்.

இதைச் சொல்லிவிடலாம். என் தப்பு என்று காலில் விழலாம். ஆனால் இவர் அதைக் காதில் வாங்க மாட்டார். கனத்தைத் தானே பார்த்திருக்க வேண்டும் என்பார். நான் பாத்துத்தானே செஞ்சேன் என்பார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், இந்தத் தடவை திருப்பிக் கொண்டுவர என்னிடம் ஒன்றுமில்லை.

ராத்திரிச் சமையல் இல்லை. பழைய இட்லி.

அக்டோபர் 19, ஞாயிறு

லேசான மேகம். பூசையில் ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை. எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். முதலில் பொ. அக்கா சொன்னது, பிறகு ஈரம், பிறகு என் பொய்.

வந்து பார்த்தால் இவர் வாசலில் நிற்கிறார். குளித்திருக்கிறார். சவரம் செய்து தாடையில் ஒரு வெட்டு. கல்யாணங்களுக்குப் போடும் நீலச் சட்டை, இரண்டு பேர் நுழையலாம் போல. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை. பைக்கைத் துடைத்து வைத்து, சாவியைக் கையில் வைத்திருக்கிறார்.

"கெளம்பு டெய்சி. முளைச்சதைப் பாத்துட்டு வந்துடுவோம்."

மனப்பாடம் செய்ததெல்லாம் போயிற்று. சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே வந்தேன். மாற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஹாரன் அடிக்கிறார்.