வளையல்காரன் படமும் நான் வெட்டிய காசும்

12-1-79

இன்றும் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினேன். பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. பிரித்ததையே திரும்பக் கலந்துகொண்டிருந்தேன் போல. பக்கத்தில் உட்காரும் ஜெயபாக்கியம் என் முறத்தை வாங்கி அவளே சரிசெய்தாள்.

வருஷா வருஷம் கடையில் ஒரு டைரி கொடுப்பார்கள். என் மகன் சோலை வாங்கிச் சினிமாப் பாட்டு எழுதுவான். இந்த வருஷம் யார் எழுத? நான் நாலாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

சோலை போய் இன்றோடு எண்பத்தாறு நாள்.

14-1-79

பொங்கல். வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை. அடுப்பும் மூட்டவில்லை.

21-1-79

ஜெயபாக்கியம் கோயில் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். "இப்பிடியே சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா நீயும் போயிருவக்கா. எந்திரி" என்றாள். மத்தியான ஆட்டத்துக்கு இழுத்துப் போனாள். வருஷம் திரும்பாத வீட்டுக்காரி சினிமாவுக்குப் போகிறாள் என்று தெருவே பார்த்தது.

புதுப் படம். முழுக்கப் பாட்டு. ஒரு வளையல்காரன். அவன் தங்கச்சியை நான்கு பேர் கொன்றுவிடுகிறார்கள். கோர்ட்டில் சாட்சி இல்லை. நான்கு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். அவன் வளையல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவன் வீட்டுக்கும் போகிறான். வாசலில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து, பாடிக்கொண்டே வளையல் போடுகிறான். மறுநாள் அவள் புருஷன் பிணமாகக் கிடக்கிறான். போட்ட வளையலை ஊரே உடைக்கிறது. அப்போதும் அதே பாட்டு வருகிறது, மெதுவாக.

சனம் விசில் அடித்தது. நானும் கை தட்டியிருக்கிறேன். கை சிவந்து போனதை வெளியே வந்துதான் பார்த்தேன்.

எண்பத்தாறு நாளும், அதற்குப் பிறகு ஒன்பது நாளும் நெஞ்சில் கல் ஏறிக் கிடந்தது. படம் ஓடிய நேரம் மட்டும் அது இல்லை.

22-1-79

எழுதிவைக்கிறேன். போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆள் ஏற்றுகிற ஜீப்பு. ஓட்டியது வெள்ளைத்துரை. சோலை அதில் கிளீனர். ஐப்பசி முதல் தேதி, பதினெட்டு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவில் வண்டி உருண்டது. சோலையும், தேவாரம் ஊர்க் கருப்பம்மாள் என்ற பெண்ணும் செத்தார்கள். வெள்ளைத்துரைக்குக் கால் மட்டும் நொறுங்கியது. மூடுபனியில் தடம் தெரியவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஜாமீனில் வீட்டில் இருக்கிறான்.

மூடுபனி. என் மகனை மூடுபனியா கொன்றது?

28-1-79

தனியாகவே போய் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

4-2-79

இன்றும் போனேன். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. முறத்தில் காய் தட்டும்போது வாயில் வருகிறது. ஜெயபாக்கியம், "வேற பாட்டே இல்லையாக்கா ஒனக்கு" என்றாள். வளையல்காரன் கையில் பெட்டி இருக்கிறது, கத்தி இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது?

9-2-79 வெள்ளி

என்னிடமும் இருக்கிறது.

கருப்பம்மாளின் புருஷன் மலைச்சாமி காலையில் வந்தார். கேசு இழுக்கும், சாமியிடமே விட்டுவிடலாம் என்றார். இரண்டு பேரும் காளியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். ஒருவன் பெயர் சொல்லி வெட்டிவிட்டால் அம்மன் அவனை விடமாட்டாள். வெட்டியவர் வீட்டுக்கும் வெட்டப்பட்டவர் வீட்டுக்கும் அதன்பிறகு படி மிதிப்பு கிடையாது. திரும்ப எடுப்பதென்றால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து வந்து, ஏன் எடுக்கிறோம் என்று சபையில் வாயால் சொல்ல வேண்டும். எடுத்தவர்கள் யாரையும் நான் பார்த்தது இல்லை.

ஒரு ரூபாயைக் கட்டையில் வைத்தார் பூசாரி. உளியை நான் பிடித்தேன். மலைச்சாமி அடித்தார். வெள்ளைத்துரை பெயரைச் சொன்னேன். அவன் குலம் தழைக்கக் கூடாது என்றேன். காசு இரண்டாகப் போனபோது நெஞ்சுக்குள் அந்தப் பாட்டுதான் ஓடியது.

வரும் வழியில் பசித்தது. கிட்டத்தட்ட நாலு மாதத்துக்குப் பிறகு பசி. இரண்டு இட்லி தின்றேன்.

2-3-79

வெள்ளைத்துரையின் கால் சீழ் வைத்திருக்கிறதாம். கடையில் பேசிக்கொண்டார்கள். காசு வேலை செய்கிறது என்று ஒருத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

9-3-79

மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் கடை வாசலில் வெள்ளைத்துரையின் பெண்டாட்டி சந்திரவல்லி வந்து நின்றாள். ஏழு மாசம். வயிறு முன்னால் வந்து நிற்கிறது. கை இரண்டும் வெறும் கை. உள்ளே ஏறவில்லை, வெயிலில் நின்றாள். காசு வெட்டிய வீடு என்று சொல்லி ஒருத்தியும் வளையல் போட வரமாட்டேன் என்கிறாளாம். சொந்த அக்காளே வரவில்லையாம்.

போ என்று சொல்லத்தான் எழுந்தேன். அவள் என்னை மட்டும் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"அவரு ஓட்டலத்தே. ஒங்க சோலைதான் ஓட்டுச்சு. சொல்லக் கூடாதுன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எந்தச் சத்தியத்தக் காப்பாத்த?"

கையில் இருந்த காயை அவள் மேல் வீசினேன். செத்தவன் மேல் பழி போடுகிறாயா என்று கத்தினேன். பிள்ளைத்தாச்சி, குனியக்கூட முடியாமல் நின்றாள். பிறகு போய்விட்டாள். கீழே கிடந்த காயை ஜெயபாக்கியம்தான் பொறுக்கினாள்.

11-3-79

படம் ஐம்பது நாள் தாண்டி ஓடுகிறது. பார்த்தால் நெஞ்சு திடமாகும் என்று போனேன்.

நாலாவது ஆள் வீட்டில் வளைகாப்பு. வளையல்காரன் பெட்டியைத் திறக்கிறான். அந்தப் பிள்ளைத்தாச்சி கையை நீட்டுகிறாள். முன்னால் மூன்று தடவையும் நான் அவன் கண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கையைப் பார்த்தேன். மெலிந்த கை. ஒவ்வொரு வளையலாக ஏறுகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, வலிக்கிறது என்று சிரிக்கிறாள். விசில் பறக்கிறது.

பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பாட்டு தெரு முனை வரைக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

14-3-79

தெரியாதா எனக்கு?

புரட்டாசியில் ஒரு நாள் சோத்தைப் பிசைந்துகொண்டே சோலை சொன்னான். "ஆத்தா, அண்ணே எறக்கத்துல ஸ்டேரிங்க எங்கிட்டயே குடுத்துட்டாரு. மூணு வளைவு நாந்தான்." லைசென்ஸ் இல்லாமல் எப்படியடா என்று கேட்டேனா? இல்லை. எம்மகன் டிரைவராகிவிட்டான் என்று கடையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கடையில் அத்தனை பேரும் தின்றார்கள். ஒருத்திகூட இதுவரை அதைச் சொல்லவில்லை. நானும் மறந்துபோனேன். மறந்தேனா, மறைத்தேனா? என்ன பொம்பளை நான்.

17-3-79

வெள்ளைத்துரை வீட்டுக்குப் போனேன். படி மிதிக்கக் கூடாது, வெளியிலேயே நின்றேன். கட்டிலில் கிடந்தான். கால் மரக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. முகத்தில் சதையே இல்லை. நான்தான் ஓட்டினேன், கேசிலும் அப்படித்தான் இருக்கிறது, போங்கள் என்றான். நான் போகவில்லை. மிட்டாய் கொடுத்த கதையைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"நாந்தான ஆத்தா குடுத்தேன். குடுத்தவந்தான் ஓட்டுனவன். அவன் பேரு வெளிய வந்தா தேவாரத்துக்காரங்க ஒங்க வாசல்ல வந்து நிப்பாங்க. ஒத்தையில கெடக்கீங்க."

காசு வெட்டினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு வைய ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. வைஞ்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

உள்ளே சந்திரவல்லி அழுகிற சத்தம் கேட்டது. நான் அழவில்லை. எனக்கு அழ யோக்கியதை இல்லை.

18-3-79

சொன்னால் சோலை இரண்டாம் தடவை சாவான். ஊர் வாயில் அவன் கருப்பம்மாளைக் கொன்றவன் ஆவான். அவனுக்கு மிச்சம் இருப்பது பெயர் மட்டும்தான். சொல்லாவிட்டால் சந்திரவல்லி வயிற்றுப் பிள்ளை?

19-3-79

சோலை, நீயே சொல்லு.

30-3-79 வெள்ளி

மலைச்சாமிக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். என்னவென்று தெரியாமலே வந்தார். வெள்ளைத்துரையைக் கட்டிலோடு ஜீப்பில் கோயிலுக்குத் தூக்கி வந்தார்கள். சந்திரவல்லி அரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

எதற்காகக் காசை எடுக்கிறாய் என்று பூசாரி கேட்டார். வெள்ளைத்துரை வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அன்னைக்கு வண்டிய ஓட்டுனது எம்மகன் சோலை. அவனுக்கு லைசென்சு கெடையாது. அது எனக்குத் தெரியும்" என்றேன்.

மலைச்சாமி என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அவரும் சேர்ந்துதானே வெட்டினார், அவர் வார்த்தையும் வேண்டும் என்று பூசாரி கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. ஆனால் தூரத்தில் நின்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அது போதும் என்று பூசாரி எல்லோர் மேலும் தண்ணீர் தெளித்தார்.

2-4-79

கடையில் என் பக்கத்தில் ஜெயபாக்கியம் மட்டும் உட்காருகிறாள்.

5-4-79

சந்திரவல்லிக்கு நேற்று வளையல் போட்டார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

8-4-79 ஞாயிறு

கருப்பம்மாளைப் பெற்றவள் தேவாரம் பஸ்சில் வந்திறங்கி என் வாசலுக்கு வந்தாள். என் வயசுதான் இருக்கும். தெருமண்ணை வாரி வாரித் தூற்றினாள். உன் மகன் மண்ணாப் போனது போதாது, நீயும் போ என்றாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில், வாயில் எல்லாம் மண்.

15-4-79

இன்றும் வந்தாள்.

22-4-79 ஞாயிறு

நல்ல வெயில். அவளுக்குக் கை ஓய்ந்துபோனது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கருப்பம்மாளுக்கு ஜீப்பில் ஏறினாலே வாந்தி வருமாம். மடியில் எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டுதான் ஏறுவாளாம். அன்றைக்குப் பழம் இல்லையாம், இவள்தான் எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நடுவில் ஞாபகம் வந்து மறுபடி என் மகனை வைதாள். கதவைச் சாத்து சுருளி என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். சாத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

நாலு மணிக்கு, பஸ்சு போயிரும் என்று அவளாகவே எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் வரமாட்டேன் என்று ஜெயபாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்.